பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?

தொலைக்காட்சியில் படம் ஓடுகிறது. அம்மாவும் மகனும் தாழ்ந்த குரலில் பேசும் காட்சியில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து வீடு அதிர்கிறது. அவசர அவசரமாகக் குறைக்கிறோம். இந்தத் தொல்லை இல்லாத வீடு இன்று அபூர்வம். நல்ல ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்குப் போனால், அங்கே பேச்செல்லாம் வாட்டையும் வூஃபரையும் சுற்றியே நடக்கிறது. வசனம் புரியுமா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

சிறிய வீட்டுக்கு, அதுவும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு ஒலிக்கருவி வாங்குகிறவர் முதலில் எடைபோட வேண்டியது தன் அறையை. பணத்தை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதற்கான விடை இயற்பியலில் இருக்கிறது. கடினமான இயற்பியல் அல்ல. பள்ளிக்கூடப் பெருக்கல், வகுத்தலே போதும்.

கடையநல்லூரையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் இருக்கும் நெசவாளர் ஊர். பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும், அல்லது ஆள் ஒருவர் நடக்கும் முடுக்கு. பல தலைமுறைகளாக இந்த ஊர்க்காரர்கள் சிங்கப்பூருக்கும் பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பு 1941-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அந்த உழைப்பில் எழுந்த புது வீடுகளில் மாடியில் ஒரு குடும்பமும் கீழே ஒரு குடும்பமும் குடியிருக்கின்றன. சென்னை அடுக்ககத்தில் இருப்பவருக்கு உள்ள ஒலிச் சிக்கல் இங்கும் அப்படியே உண்டு: என் வீட்டுப் படம் அடுத்த வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

வெட்டவெளியும் நாலு சுவரும்

தென்மாவட்டங்களில் ஒலியைப் பற்றிய நம் ருசியை வளர்த்தது மைக் செட். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் ஆளுயரப் பெட்டியும் கட்டிக் கேட்டவர்கள் நாம். 'வாட் கூடினால் சத்தம் கூடும், வூஃபர் பெரிதானால் அதிர்வு கூடும்' என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. வெட்டவெளியில் அது சரிதான். அங்கே ஒலி நாலாபுறமும் சிதறிப் போய்விடுகிறது. ஸ்பீக்கரிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மைதானத்தையே நிரப்ப வேண்டுமானால் பெரிய சக்தி தேவை.

மூடிய அறையில் ஒலி தப்பிப் போக இடமில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்புகிறது. டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் உள்ள சிறிய அறையில், ஸ்பீக்கரை விட்டு ஒரு முழம் தள்ளி வந்ததுமே, நேரே வரும் ஒலியை விடச் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி மேலோங்கிவிடும். அதாவது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்பதில் பெரும்பங்கு உங்கள் அறையின் ஒலி. இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் அந்த அறை வழியாகத்தான் உங்கள் காதுக்கு வந்தாக வேண்டும்.

வாட் கணக்கு

ஸ்பீக்கர் எவ்வளவு திறமையாக மின்சாரத்தை ஒலியாக்குகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்று பார்ப்பார்கள். அலமாரியில் வைக்கும் அளவுள்ள நல்ல ஸ்பீக்கருக்கு இது 85 முதல் 88 வரை இருக்கும். 87 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தூரத்தால் சுமார் 8 டெசிபல் குறையும். ஆனால் ஸ்பீக்கர் இரண்டு இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்புவதாலும் 5 டெசிபலாவது திரும்பக் கிடைக்கும். ஆக, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுத்தாலே உங்கள் காதில் 84 டெசிபல்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவில் இருக்கும். வீட்டில் படம் பார்க்க 65 டெசிபல் சராசரி வசதியாக இருக்கும். 84-க்கும் 65-க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 20 டெசிபல். அதற்கு நூறில் ஒரு பங்கு சக்தி என்று பொருள். வசனம் பேசும்போது உங்கள் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான். வெடிச்சத்தம் சராசரியை விட 20 டெசிபல் உயர்ந்தாலும் ஒரு வாட் போதும். 30 டெசிபல் உயர்ந்து திடுக்கிட வைத்தாலும் 10 வாட். உங்கள் ஸ்பீக்கர் சற்றுச் சோம்பலானது என்றாலும் இந்த எண்கள் இரண்டு மூன்று மடங்காகும், அவ்வளவே. நிஜமான 30 வாட் கொண்ட ஆம்ப்ளிஃபையர் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குத் தாராளம்.

இதோடு இன்னோர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்கானதாக உணர வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும். 50 வாட் பெட்டியை விட்டு 100 வாட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் கிடைப்பது அந்த 3 டெசிபல்.

பெட்டியின் மேல் 2,000 வாட், 5,000 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது பிஎம்பிஓ. கண நேரத்துக்கு எட்டக்கூடியதாகக் கற்பனையாகக் கணக்கிட்ட உச்சம். அதை அளப்பதற்குப் பொதுவான முறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைக் குறிப்பது ஆர்எம்எஸ் என்ற எண். அதையும் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கருவியின் பின்புறத் தகட்டில் அது மின்கம்பியிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று எழுதியிருக்கும். 60 வாட் இழுக்கும் பெட்டி 500 வாட் ஒலியைத் தொடர்ந்து தர முடியாது. உள்ளே போவதை விட அதிகம் வெளியே வராது என்ற ஆற்றல் விதிக்கு ஆம்ப்ளிஃபையரும் கட்டுப்பட்டதே.

ஊர் மெக்கானிக்கிடம் அசெம்பிள் செட் செய்யச் சொல்கிறவர்களுக்கும் இதே விதிதான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டும் ஐசியும் வரவழைத்து, உள்ளூரில் பெட்டி செய்து, குறைந்த செலவில் நல்ல செட் கட்டித் தரும் திறமைசாலிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் ஐசியின் எண்ணையும் டிரான்ஸ்ஃபார்மரின் அளவையும் கேளுங்கள். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள 4440 ஐசி, சான்யோ நிறுவனம் கார் ஸ்டீரியோவுக்காகச் செய்தது. ஒரு சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பாலமாக இணைத்தால் 19 வாட். அதன் உண்மையான திறன் இதுதான். அதை வைத்து நூற்றுக்கணக்கான வாட் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்தால், அந்த 6 வாட்டே சிறிய அறைக்கு எவ்வளவு தூரம் வரும் என்பதும் விளங்கும்.

வசனம் ஏன் புரிவதில்லை?

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே சிக்கல் வந்தது. புதிதாகத் திறந்த ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் சரிசெய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊர் அடங்கிய இரவுகளில் அவர் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்திய பின் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். ஏறத்தாழ ஐந்தரை நொடி நின்றது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பப் பரப்ப அந்த நேரம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் அரங்கம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து அவர் ஒலியமைப்புக்கு ஆலோசனை சொன்ன பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-இல் திறக்கப்பட்டது.

சூத்திரம் எளிது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கன அளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் 2 சதவீதம்தான் உறிஞ்சும். ஆகவே மொத்த உறிஞ்சல் 1.26. கணக்குப் போட்டால் கதவு, சன்னல் எல்லாம் மூடிய காலி அறையில் ஒலி அடங்க 4 நொடிக்கு மேலாகும்.

நாம் பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகள் வருகின்றன. உயிரொலிகளுக்குச் சக்தி அதிகம். அவை நீளமாக நிற்கும். க, ச, ட, த, ப போன்ற வல்லினங்கள் கண நேரத்தில் வெடித்து மறையும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இந்த மெல்லிய, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. முந்தைய அசையின் உயிரொலி அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால், அடுத்து வரும் மெய்யொலியை அது மூடிவிடும். நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். மூடுகிற ஒலியும் அதே அளவு கூடுகிறது. அதனால்தான் எவ்வளவு கூட்டினாலும் புரிவதில்லை.

அதே அறையில் ஆறு சதுர மீட்டருக்கு மடிப்பு மடிப்பாகக் கனத்த திரைச்சீலை போட்டால் உறிஞ்சல் 3 கூடும். ஒரு கட்டில் மெத்தையோ சோபாவோ இரண்டரை. நாலு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை. மொத்தம் எட்டைத் தாண்டும். அடங்கும் நேரம் முக்கால் நொடிக்கும் கீழே இறங்கிவிடும். நெசவு ஊரில் கனத்த பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. துணியின் நுண்துளைகளுக்குள் காற்று அசையும்போது ஏற்படும் உராய்வு ஒலியை வெப்பமாக்குகிறது. ஆகவே துணி கனமாக இருக்க வேண்டும், காற்றும் ஊடுருவ வேண்டும். சுவரில் ஒட்டினாற்போல் தொங்கவிடாமல் நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால், ஏறத்தாழ 900 ஹெர்ட்ஸ் முதலே அது நன்றாக வேலை செய்யும். இலவம்பஞ்சு மெத்தையும் மடித்த சமுக்காளமும் இதே வகையில் உதவும். வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பும் தெர்மாகோலும் உதவாது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் மிக உயர்ந்த ஒலிகள் கொஞ்சம் குறையுமே தவிர, சத்தம் வெளியே போவதை அது தடுக்காது. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

வசனம் புரியாததற்கு அறை ஒரு காரணம் என்றால், படம் கலக்கப்படும் விதம் இன்னொரு காரணம். 1995-இல் வந்த குருதிப்புனல் டால்பி ஒலியோடு வந்தது. 2012-இல் சிவாஜி படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் ஒலியில் வந்தது. திரையரங்க ஒலி வளர வளர, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியும் விரிந்தது. திரையரங்கத்தில் ஒவ்வொரு சேனலும் 105 டெசிபல் உச்சம் வரை போக இடமிருக்கும். அந்தக் கலவையை வீட்டில் 20, 25 டெசிபல் குறைத்துக் கேட்கும்போது, மேலே இருப்பது இன்னும் உரக்கவே இருக்கிறது. கீழே இருப்பது ஃபேன் சத்தத்தில் முங்கிவிடுகிறது. சாரல் காலமாக இருந்தால் காற்றில் ஆடும் சன்னலின் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்குக் காசில்லாத மருந்து ஒன்று பெரும்பாலும் உங்கள் டிவியிலேயே இருக்கிறது. இரவு முறை, தெளிவான குரல் என்ற பெயர்களில் வரும் வசதியை இயக்கினால் மெல்லியவை கூடும், உரத்தவை குறையும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவர்கள் டிவியின் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்ற வேண்டும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் கொண்ட 5.1 ஒலியில் வசனம் நடுச் சேனலில் தனியாக வருகிறது; அது இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒழுங்காகக் கலந்து வந்தால்தான் குரல் முழுதாகக் கேட்கும்.

பேஸ் ஏன் திணறுகிறது?

கோடைச் சூட்டில் நம் ஊர்க் காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் 8.75 மீட்டர். அறையை விட அலை நீளமானது. அறையின் நீளம் பாதி அலைநீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண்ணில், போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஊஞ்சல் உயரே போவதைப் போல, சிறிய சக்தியிலேயே ஒலி பெரிதாக எழும்புகிறது. பன்னிரண்டடி நீளத்துக்கு அது 48 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் பத்தடியாக இருந்தால் 57 ஹெர்ட்ஸில் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

மலிவான வூஃபர் பெட்டிகளில் பலவற்றை 50 முதல் 70 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் அதிகம் முழங்கும்படிதான் செய்கிறார்கள். உண்மையான ஆழத்துக்குப் போவது கடினம். அதே சத்தத்தில் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்ன வூஃபரால் அது ஆகாது. எனவே தனக்கு வசதியான ஒரு சுருதியில் முழங்கி ஈடுகட்டுகிறது. பெட்டியின் முழக்கமும் அறையின் 57 ஹெர்ட்ஸும் ஒன்று சேர்ந்தால் தவிலும் டிரம்ஸும் வெடியும் எல்லாம் ஒரே 'டம் டம்' ஆகிவிடும். வூஃபர் வாங்கியும் பாட்டு ரசிக்கவில்லை என்று பலர் சொல்வதன் காரணம் இது.

இந்த அலை சுவரோரத்தில் மிகுந்தும் அறையின் நடுவில் குறைந்தும் இருக்கும். முதுகு சுவரில் படும்படி சோபா போட்டால் பேஸ் மிதமிஞ்சிக் கேட்கும். சோபாவை ஒன்றிரண்டு அடி முன்னே இழுத்தாலே மாற்றம் தெரியும். வூஃபரை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கவும் நல்ல முறை உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் வூஃபரை வைத்துப் பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு அறையின் ஓரங்களில் குனிந்தபடி நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வையுங்கள். ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பாதை ஒன்றே என்ற இயற்பியல் விதி இதற்கு அடிப்படை.

சுவருக்கு அந்தப் பக்கம்

சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவு ஒலியைத் தடுக்கும். இரு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பேச்சொலியை ஏறத்தாழ 50 டெசிபல் குறைக்கும். உங்கள் வீட்டில் 70 டெசிபலில் கேட்கும் வசனம் அங்கே 20 டெசிபல். ஃபேன் ஓடும் வீட்டில் அது கேட்காது. ஆனால் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படியிலும் சுவரின் தடுப்பு 6 டெசிபல் வீதம் குறைகிறது. 500 ஹெர்ட்ஸிலிருந்து 62 ஹெர்ட்ஸுக்கு மூன்று படிகள். 50 டெசிபல் தடுப்பு 32 ஆகிவிடும். உங்கள் வூஃபர் 88 டெசிபலில் முழங்கினால் அந்தப் பக்கம் 56 டெசிபல். அந்த அதிர்வெண்ணில் காது கேட்கத் தொடங்குவது 38 டெசிபல் அளவில். ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்குப் பாட்டும் வசனமும் இல்லாமல் அடி மட்டும் தெளிவாகக் கேட்கும். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் இன்னும் 5, 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும்.

காற்று வழியே போகும் ஒலி இது. தரை வழியே போகும் அதிர்வு வேறு. சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிக் கூடங்களுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியின் அடியைக் காது கேட்கும் முன்பே கால் உணர்ந்துவிடும். தரையில் நேராக வைத்த வூஃபரும் கான்கிரீட் தளத்தை அப்படித்தான் அதிர வைக்கிறது. கீழ்வீட்டுக்காரருக்கு அது கூரையிலிருந்து வரும். மெத்தென்ற கனமான ரப்பர் அடிக்கட்டை வைத்தால் தரை வழி அதிர்வு குறையும். காற்று வழி ஒலி குறையாது.

சன்னலுக்கு மேலே திறந்தே கிடக்கும் வெண்டிலேட்டரையும் கவனிக்க வேண்டும். சுவர்ப் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. முடுக்கைப் பார்த்திருக்கும் வெண்டிலேட்டருக்கு ஒரு கண்ணாடி மூடி போடுவது, சுவருக்கு எதை ஒட்டுவதை விடவும் பலன் தரும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பு. வீட்டில் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. நாளைக்குப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையும் மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கும் பெரியவரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது சட்டத்துக்கும் முந்திய நியாயம்.

எதை வாங்கலாம்?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த பணத்தில் ஆறு பெட்டி கொண்ட 5.1 செட் வாங்குவது சிறிய வீட்டுக்குச் சரியான தேர்வல்ல. பத்தாயிரம் ரூபாயை ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு வூஃபருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். பின்பக்க ஸ்பீக்கர்கள் கேட்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னே, இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய சோபாவில் அதற்கு இடமில்லை. கடைசியில் அவை டிவிக்கு இருபுறமும் ஆணியில் தொங்கும். கொடுத்த பணம் வீண்.

அதே பணத்தை முன்பக்கம் போடுங்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை, வீட்டில் எத்தனை பேர், எப்படி உட்காருகிறார்கள் என்பது தீர்மானிக்கும். இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரல் வந்தால், நடுவில் இருப்பவருக்கு அது திரையிலிருந்து வருவதாகத் தோன்றும். ஆனால் ஒரு பக்கத்து ஒலி ஆயிரத்தில் ஒரு நொடி முந்தினாலே குரல் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். முதலில் வந்த ஒலியைத்தான் மூளை இடம் காட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆயிரத்தில் ஒரு நொடி என்பது 35 சென்டிமீட்டர் பாதை வித்தியாசம். ஐந்து பேர் பரந்து உட்காரும் பட்டாசாலில் ஓரத்தில் இருப்பவர்களுக்கு வசனம் இடம் மாறிக் கேட்கும்.

ஆகவே, ஒன்றிரண்டு பேர் நேரே உட்கார்ந்து படமும் பாட்டும் கேட்கும் வீட்டுக்கு, நாலு அல்லது ஐந்து அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டரும் உள்ள நல்ல இரண்டு ஸ்பீக்கர் போதும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் வகையாகவும் வாங்கலாம். ஊர் மெக்கானிக் கட்டித் தரும் சிறிய ஆம்ப்ளிஃபையரோடும் சேர்க்கலாம். தனி வூஃபர் இல்லாமலே 60, 70 ஹெர்ட்ஸ் வரை இவை இறங்கும். பெரிய குடும்பம் பரந்து உட்காரும் வீட்டுக்கு, நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பார் பொருத்தம். 2.1 என்பதற்கும் 3.1 என்பதற்கும் இடையில் விலை கூடுவது வசனத்துக்காக. அது கொடுக்கத்தக்க பணம். அட்மாஸ் என்று போட்ட மலிவு சவுண்ட்பாருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மேலே நோக்கிய ஸ்பீக்கரே இல்லாமல் அந்தப் பெயரோடு வருபவை பல. அது இருந்தாலும், ஒலி பட்டுத் திரும்பத் தட்டையான கூரை வேண்டும். சாய்ந்த ஓட்டுக் கூரையில் அந்தக் கணக்கு எடுபடாது.

டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ ஏஆர்சி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ரிமோட்டில் வேலை முடியும். அது இல்லையென்றால் ஆப்டிகல் கம்பி. புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால் உதட்டசைவும் வசனமும் பொருந்தாமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட்டாக இருந்தால், பின்புறத் தகட்டில் 100–240 வோல்ட் என்றோ 220–240 வோல்ட் என்றோ இருக்க வேண்டும். 110 அல்லது 127 வோல்ட் மட்டும் எழுதிய கருவியை நம் பிளக்கில் நேராகச் செருகினால் எரிந்துவிடும்.

கடையில் கேட்கும்போது உங்கள் கைபேசியிலேயே நன்றாகப் பழகிய ஒரு பாட்டும், தாழ்ந்த குரலில் பேசும் ஒரு காட்சியும் கொண்டுபோங்கள். சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். சத்தம் கூடக் கூட எல்லாப் பெட்டியும் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியபடி, குறைந்த சத்தத்தில் காதுக்கு முதலில் மறைவது பேஸ். மெல்லக் கேட்கும்போதும் குரலில் கனம் இருக்கிறதா, சகரமும் தகரமும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை.

வாங்கி வந்த பிறகு

ஸ்பீக்கரின் ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமையட்டும். ஸ்பீக்கரை அலமாரிக் குழிக்குள் திணிக்க வேண்டாம். வூஃபர் இருந்தால், பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவரை விட்டுத் தள்ளி, அறையின் வேறொரு பக்கத்தில் வையுங்கள். திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் வெண்டிலேட்டர் மூடிக்கும் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். ஒலித்தரத்தில் அந்தப் பணம் தரும் முன்னேற்றத்தை அடுத்த விலையில் உள்ள பெட்டி தராது.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் இரவு பத்து மணிக்கு ஒரு வேலை செய்யுங்கள். சண்டைக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குள் போய் நீங்களே கேளுங்கள். அங்கே ஒன்றும் கேட்காத அளவுக்கு உங்கள் வீட்டில் ஒருவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரட்டும். திரையில் அப்போது நிற்கும் எண்தான் உங்கள் வீட்டின் இரவு எல்லை. அதை ரிமோட்டின் பின்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த எண்ணிலும் வசனம் முழுதாகப் புரிந்தால் நீங்கள் வாங்கியது நல்ல செட்.